க்ளோஸ் டெஸ்ட்டில் மட்டும் மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது, என்னதான் செய்வது?

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். இப்போது ஐபிபிஎஸ் க்ளார்க் (வங்கி எழுத்தர் தேர்வு), எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் (பன்னிரண்டாவது தகுதியில் மத்திய அரசு வேலைக்கான தேர்வு) இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். கணக்கு, ரீசனிங் இரண்டும் கவலை இல்லை. க்ளார்க் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று 2021ல் முடிவு வந்தபோது ஊரில் பாதிப் பேர் இனி ஆங்கிலமே வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள், ஆனால் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தானே இருக்கும், அதில் தனியாக கட்ஆஃப் வேறு. அங்கேதான் இடிக்கிறது.

அதிலும் குறிப்பாக, ஒரு பத்தியைக் கொடுத்து நடுவில் நடுவில் கோடிட்ட இடம் விட்டு நிரப்பச் சொல்வார்களே, அந்த க்ளோஸ் டெஸ்ட். தனி வாக்கியமாகக் கொடுத்தால் ஓரளவு போட்டுவிடுகிறேன். பத்தியாக வந்தால் ஒரு நாள் ஐந்தில் நான்கு சரி, மறுநாள் ஐந்தில் ஒன்று. ஏன் சரியாக வந்தது என்றும் தெரியாது, ஏன் தப்பாகப் போனது என்றும் தெரியாது. டெலிகிராமில் கிடைக்கிற பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. கோச்சிங்கில் கேட்டால் "நிறைய போடு, தானா வரும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வேர்ட் லிஸ்ட் மனப்பாடமும் தினமும் நடக்கிறது.

நேற்று போட்ட ஒன்றை அப்படியே தருகிறேன். மொபைலில் கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க முடியவில்லை, தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தி மான்சூன் அரைவ்ட் லேட், __1__ தி ஃபார்மர்ஸ் ஹேட் ஆல்ரெடி சோன் தேர் சீட்ஸ். மெனி ஆஃப் தெம் ஹேட் பாரோட் மணி __2__ லோக்கல் மணிலெண்டர்ஸ். தி க்ராப் __3__ இன் தி ஹீட், அண்ட் பை ஆகஸ்ட் தே வேர் __4__ டு ரீபே ஈவன் தி இன்டரஸ்ட். __5__ பேங்க்ஸ் வேர் வில்லிங் டு லெண்ட் தெம் மணி அகெய்ன், ஸோ தே வெண்ட் பேக் டு தி ஸேம் மணிலெண்டர்ஸ்."

ஆப்ஷன்கள்:
1. ஸோ / பட் / அன்லெஸ் / பிகாஸ்
2. டு / ஃப்ரம் / பை / வித்
3. வானிஷ்ட் / விதர்ட் / மெல்டட் / எக்ஸ்பயர்ட்
4. இன்கேப்பபிள் / அனேபிள் / இம்பாசிபிள் / ரிலக்டன்ட்
5. ஃப்யூ / எ ஃப்யூ / லிட்டில் / மச்

நான் போட்டது: ஸோ, ஃப்ரம், எக்ஸ்பயர்ட், ரிலக்டன்ட், எ ஃப்யூ. இரண்டாவது மட்டும்தான் சரி என்கிறது விடை. கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படிக்கணுமா, இல்லை இதே மாதிரி பத்திகளை இன்னும் நிறைய போடணுமா? யாராவது நேராகச் சொல்லுங்கள்.

---

கரும்பலகை

தம்பி, ரொம்ப வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் போட்ட விடைகள் எனக்கு ஒரு நல்ல செய்தி. நான்கு தப்பில் ஒன்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு குத்தியது மாதிரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணம் இருந்தால் சரி செய்துவிடலாம்.

முதல் இடத்தைப் பாருங்கள். மழை தாமதம் என்றதும் "அதனால்" என்று மனசு ஓடிவிட்டது, ஸோ போட்டுவிட்டீர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் "ஹேட் ஆல்ரெடி சோன்" என்று இருக்கிறதே, அதைப் படித்தீர்களா? மழை வருவதற்கு முன்பே விதைத்து முடித்துவிட்டார்கள் என்று அந்த ஹேட் சொல்கிறது. முன்பே நடந்து முடிந்த ஒன்று எப்படிப் பின்னால் வந்த மழையின் விளைவாகும்? ஆகவே பட். இது சொல்வளம் சம்பந்தப்பட்டது இல்லை, டென்ஸ் பார்த்துப் போட வேண்டிய இடம்.

இரண்டாவது உங்களுக்குச் சரியாக வந்தது. பாரோ என்றால் ஃப்ரம், லெண்ட் என்றால் டு. இந்த ஜோடியைப் பழகியிருக்கிறீர்கள். இதைப் பழகியது மாதிரி மற்றதையும் பழகலாம், அவ்வளவுதான்.

மூன்றாவதில் வேர்ட் லிஸ்ட் உங்களைக் கவிழ்த்துவிட்டது. எக்ஸ்பயர் என்றால் இறந்துபோதல், காலாவதியாதல் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பயிர் செத்தது, ஆகவே எக்ஸ்பயர்ட். தமிழில் கணக்கு சரி. ஆனால் ஆங்கிலத்தில் லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆகும், மருந்து எக்ஸ்பயர் ஆகும், பயிர் ஆகாது. வெயிலில் பயிர் விதர்தான் ஆகும். ஒரு சொல் யாரோடு சேரும் யாரோடு சேராது என்பதை எந்த லிஸ்ட்டும் சொல்லித் தராது, அதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் இதில் அழகான கேள்வி. இன்கேப்பபிள் வந்தால் பின்னால் "ஆஃப் ரீபேயிங்" வந்திருக்க வேண்டும், இங்கே டு இருக்கிறது, ஆகவே அடித்துவிடலாம். இம்பாசிபிள் என்று மனிதர்களை இந்த இடத்தில் சொல்ல முடியாது, செயலைத்தான் சொல்ல முடியும். மிச்சம் அனேபிள், ரிலக்டன்ட். இரண்டும் இலக்கணப்படி பொருந்தும்! இங்கே இலக்கணத்துக்கு வேலை முடிந்துவிட்டது, இனி பத்திதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். பயிர் கருகிப்போச்சு, வட்டியைக்கூட என்று "ஈவன்" வேறு போட்டிருக்கிறார்கள். கட்ட மனமில்லாதவனா, கட்ட வழியில்லாதவனா? வழியில்லாதவன். அனேபிள்.

ஐந்தாவதின் விடை கோட்டுக்கு முன்னால் எங்கேயும் இல்லை, பின்னால் இருக்கிறது. எ ஃப்யூ என்றால் சில வங்கிகள் தயாராக இருந்தன என்று ஆகிவிடும். அப்படி இருந்தால் எதற்குத் திரும்ப அந்த வட்டிக்காரரிடமே போக வேண்டும்? ஆகவே ஃப்யூ, அதாவது ஏறக்குறைய யாருமே தயாராக இல்லை.

இப்போது தெரிகிறதா? நான்கில் மூன்று தப்பு நீங்கள் கோடு வரைக்கும் படித்து, அங்கேயே நின்று, ஆப்ஷனைப் பார்த்ததால் வந்தது. தனி வாக்கியம் சரியாக வருகிறது, பத்தி வரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பத்தியையும் தனித்தனி வாக்கியமாகத்தான் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: ஆப்ஷனைக் கையால் மறைத்துக்கொண்டு முழுப் பத்தியையும் ஒரு முறை படியுங்கள், கோடு வரும் இடத்தில் மனசுக்குள் தமிழிலேயே ஏதாவது போட்டுக்கொண்டு தாண்டிப் போங்கள். கடைசியில் "விவசாயி கடனில் மாட்டிக்கொண்ட கதை" என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் போதும். பிறகு ஆப்ஷனைத் திறக்கலாம்.

கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படிப்பது வேண்டாம். நவுன், ப்ரோநவுன் தாண்டுவதற்குள் நோட்டிஃபிகேஷனே வந்துவிடும்.

---

ஹால் டிக்கெட்

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஹாலில் கடிகாரம் என்று ஒன்று ஓடும் இல்லையா. ஐபிபிஎஸ் க்ளார்க் பிரிலிம்ஸில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு 40 விநாடி. அதில் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் சேர்த்தி. நீளமான பத்தி வந்தால் முழுசாக ஒரு முறை படிப்பது எல்லாருக்கும் கட்டாது, அப்போது குறைந்தபட்சம் கோட்டுக்கு முந்தைய வாக்கியம், பிந்தைய வாக்கியம் இரண்டையும் படிக்காமல் டிக் போடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்சியில் வருவது பெரும்பாலும் ஐந்து கோடு உள்ள சின்னப் பத்தி, அதை முழுசாகப் படிக்கத் தாராளமாக நேரம் இருக்கும்.

கணிதம் படித்தவர் என்பதால் இதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வங்கித் தேர்வில் தப்புக்குக் கால் மார்க் போகும். ஐந்து ஆப்ஷன் இருந்து ஒன்றுமே தெரியாமல் குத்தினால் சராசரி லாபம் பூஜ்யம். ஆனால் இரண்டு ஆப்ஷன்தான் மிச்சம் என்கிற நிலைக்கு வந்துவிட்டால் அடிப்பதுதான் லாபம், விட்டுவிட்டு வருவது நஷ்டம். சிஎச்எஸ்எல் டியர் ஒன்றில், அதாவது முதல் கட்டத் தேர்வில், கேள்விக்கு 2 மார்க், தப்புக்கு அரை. அதே தேர்வின் டியர் இரண்டில் ஆங்கிலம் மட்டும் 40 கேள்வி, ஒவ்வொன்றும் 3 மார்க், தப்புக்கு ஒரு முழு மார்க் போய்விடும். அதாவது 120 மார்க் அங்கே உட்கார்ந்திருக்கிறது. க்ளோஸ் டெஸ்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிற நிலைமையில் யாரும் இல்லை.

இன்னொன்று, மெயின்ஸில் கோட்டுக்குப் பதில் ஏற்கெனவே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அது சரியா, இல்லை மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் சொல்லைப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆகவே அந்தச் சொல்லையும் விரலால் மறைத்துவிட்டுப் படிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. திரையில் விரல் வைத்தால் கண்காணிப்பாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

---

பழைய பேப்பர் கடை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்தக் கோடிட்ட பத்தி என்பது அளப்பதற்காக வந்த கருவி, கற்றுக்கொடுப்பதற்காக வந்ததே இல்லை. 1953ல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்ற இதழியல் ஆய்வாளர் இதைக் கொண்டுவந்தபோது, ஒரு கட்டுரை வாசகனுக்கு எளிதாக இருக்கிறதா கடினமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொண்டுவந்தார். சோதனை வாசகனுக்கு இல்லை, கட்டுரைக்கு! வரிசையாக எண்ணி ஐந்தாவது சொல்லாகப் பார்த்து எடுத்துவிடுவது, படிக்கிறவன் எத்தனையைச் சரியாக நிரப்புகிறான் என்று பார்ப்பது. அப்புறம்தான் அது மொழித் தேர்வுக்குள் வந்தது. நம் போட்டித் தேர்வில் வருவது அதன் தூரத்துச் சொந்தம், எந்தச் சொல்லை எடுப்பது என்று கேள்வி போடுகிறவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், கூடவே நாலு பொய் ஆப்ஷன் வைக்கிறார்.

நான் சொல்ல வருவது, தெர்மாமீட்டரை அடிக்கடி வாயில் வைத்துக்கொண்டால் காய்ச்சல் இறங்காது. தினமும் பத்து பிடிஎஃப் போடுவது அதைத்தான் செய்கிறது. "இன்று நாலு, நேற்று ஒன்று" என்பதெல்லாம் வெறும் ரீடிங். மற்றவன் போட்ட கோட்டை நிரப்புவதை நிறுத்திவிட்டு நீங்களே கோடு போடுங்கள்.

எப்படி என்றால், நன்றாகப் புரிகிற ஒரு பத்தி, நூறு நூற்றைம்பது சொல் போதும், எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் தலையங்கம்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே போய் முட்டிக்கொள்ளாதீர்கள், விளையாட்டுப் பக்கம், கிரிக்கெட் மேட்ச் ரிப்போர்ட் போதும். முதல் நாள் அதில் உள்ள ப்ரிபொசிஷன் அத்தனையையும் எடுத்துவிட்டு ஒரு பிரதி. அதையே ஆர்ட்டிகிள் மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு பிரதி. மூன்றாவது பிரதியில் வினைச்சொல்லை எல்லாம் மூல வடிவத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டு, டென்ஸ் நீங்கள் போட வேண்டியது மாதிரி. ஆப்ஷன் கிடையாது. இரண்டு மூன்று நாள் கழித்து, பத்தி மறந்த பிறகு நிரப்புங்கள். விடை கையிலேயே இருக்கிறது, ஒரிஜினல் பத்திதான் விடை. யாரோ அவசரத்தில் தட்டிய தப்பு ஆன்சர் கீயோடு சண்டை போட வேண்டியதில்லை.

மொபைலிலேயே வேண்டும் என்றால் ஆன்கி என்று ஒரு செயலி, ஆண்ட்ராய்டில் இலவசம். அதில் க்ளோஸ் என்றே ஒரு கார்டு வகை இருக்கிறது, வாக்கியத்தை ஒட்டி, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து மறைத்தால் போதும், எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். தனிச் சொல்லும் அர்த்தமுமாகக் கார்டு போடாதீர்கள், அது பழைய வேர்ட் லிஸ்ட்தான், புதுச் சட்டை.

கோடு போடுவதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும் என்பது வேறு விஷயம். எந்தச் சொல்லை எடுத்தால் கண்டுபிடிக்க முடியும், எதை எடுத்தால் யாராலும் முடியாது என்று யோசிக்க ஆரம்பித்தாலே கேள்வி போடுகிறவன் மண்டைக்குள் போய்விடுவீர்கள்.

---

இரவு ஷிஃப்ட்

வெளிநாடு போவதற்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்க்குப் படிக்கிற நர்ஸ் நான். எங்களுக்கும் கோடிட்ட இடம் வரும், ஆனால் அது வேறு கதை. மேலே ஒரு பெரிய கட்டுரை இருக்கும், கீழே அதன் சுருக்கத்தில் கோடு இருக்கும், பெரும்பாலும் கட்டுரையில் இருக்கும் சொல்லையே அப்படியே எடுத்துப் போட வேண்டும், "இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது" என்று கட்டுப்பாடு வேறு. ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போச்சு. ஆகவே ஐஇஎல்டிஎஸ் பிடிஎஃப்பை எடுத்து வங்கித் தேர்வுக்குப் பயிற்சி செய்யாதீர்கள், தேடுகிற வேகம் வரும், இலக்கணம் வராது.

அதைவிட உங்களுக்குப் பொருத்தமாக ஒன்று சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற தேர்வில் முதல் மூன்று பகுதியும் கோடிட்ட பத்திதான். ஒவ்வொன்றிலும் எட்டுக் கோடு. முதலாவது ஆப்ஷனோடு. இரண்டாவது ஆப்ஷனே இல்லாமல், பெரும்பாலும் விச், ஹேஸ், ஆஃப், ஈவன் மாதிரி குட்டிச் சொற்கள். மூன்றாவதில் ஓரத்தில் ஒரு வேர்ச்சொல் கொடுத்து, அதை இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும், எகனாமி கொடுத்தால் எகனாமிக்கா எகனாமிக்கலா எகனாமிக்கலியா என்று. மாதிரித் தாள்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம், விடையும் நம்பகமானது. தேர்வு எழுதச் சொல்லவில்லை, அந்த இரண்டாவது பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

---

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், ஆப்ஷனை மறைத்துப் படிப்பதை உடனே ஆரம்பித்துவிட்டேன், முதலில் எரிச்சலாக இருந்தது, ஆனால் பத்தி எதைப் பற்றி என்றாவது தெரிகிறது.

பேப்பர் கடை அண்ணன் சொன்ன மாதிரி ஒரு கிரிக்கெட் ரிப்போர்ட்டை எடுத்து ப்ரிபொசிஷனை எல்லாம் தூக்கிவிட்டு வைத்திருந்து நிரப்பினேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, சில இடத்தில் நான் போட்டதும் ஒரிஜினலும் வேறு, ஆனால் இரண்டுமே சரி மாதிரி தெரிகிறது. "ட்யூரிங் தி செகண்ட் இன்னிங்ஸ்" என்று இருந்தது, நான் "இன்" போட்டிருந்தேன். இதைத் தப்பு என்று எடுத்துக்கொள்வதா?

இரண்டு, ப்ரிபொசிஷன்தான் எனக்கு மிக மோசம், அது இப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா?

---

கரும்பலகை

முதல் சந்தேகம். இரண்டும் சரிதான். இதைப் பற்றித் தேர்வு நடத்துகிறவர்களே ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கிறார்கள், ஒரிஜினல் சொல் மட்டும்தான் சரி என்று ஒரு முறை, பொருந்துகிற எந்தச் சொல்லும் சரி என்று இன்னொரு முறை. வீட்டில் பயிற்சிக்கு இரண்டாவது முறையே போதும். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் இணைய அகராதியில் முக்கியச் சொல்லைத் தட்டி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், அர்த்தத்தை இல்லை. நீங்கள் போட்ட ஜோடி அங்கே ஒரு இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் தேர்வில் ஆப்ஷன் இருக்கும்போது "இரண்டும் சரி" என்று தோன்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை நீங்கள் பத்தியில் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அனேபிள், ரிலக்டன்ட் மாதிரி.

மிச்சம் பத்து முறை பிடிஎஃப் தப்பு. இதைச் சொல்லியாக வேண்டும். ஐபிபிஎஸ் தன் கேள்வித்தாளை வெளியிடுவதில்லை. "சென்ற ஆண்டு கேள்வி" என்று சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகத்தில் இருந்து சொன்னது. கணக்கைக்கூட ஞாபகத்தில் இருந்து சொல்லலாம், ஒரு முழுப் பத்தியையும் ஆப்ஷனோடு யாரால் சொல்ல முடியும்? பாதியை யாரோ இட்டுக்கட்டி இருப்பார்கள். எஸ்எஸ்சியில் எழுதியவர்களுக்குக் கேள்வியும் விடையும் அதிகாரப்பூர்வமாகவே காட்டப்படும், ஆகவே அந்தப் பழைய தாள்களில் இருந்து வரும் பத்திகள் எவ்வளவோ மேல். உங்களுக்கு ஒரு நாள் நாலு, ஒரு நாள் ஒன்று என்று ஆடுவதில் கொஞ்சம் பங்கு இந்த பிடிஎஃப்களுக்கும் இருக்கும்.

இரண்டாவது சந்தேகம். ப்ரிபொசிஷன் நமக்குக் கஷ்டம் ஏன் என்றால், நாம் ஒரே "இல்"லை வைத்துக்கொண்டு பஸ்ஸில், மேசையில், சென்னையில், இரவில் என்று எல்லா இடத்துக்கும் போய்வந்துவிடுகிறோம். அங்கே ஆன் தி பஸ், ஆன் தி டேபிள், இன் சென்னை, அட் நைட். தமிழில் யோசித்துக்கொண்டு போட்டால் "இன்" தான் கைக்கு வரும். அப்படித் தமிழ் நம்மை இழுத்துக்கொண்டு போகும் இடங்கள் கணிசமாக உண்டு, ஆனால் எண்ணில் அடங்காதது இல்லை. "பற்றி" விவாதிக்கிறோம், அதனால் டிஸ்கஸ் அபவுட் என்று வந்துவிடும், டிஸ்கஸுக்குப் பின்னால் ஒன்றுமே வேண்டாம். "உடன்" திருமணம், அதனால் மேரிட் வித், ஆனால் அது மேரிட் டு. "இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்" என்பதை ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ் என்று சொல்லாத தமிழர் குறைவு, அது ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ். எந்த வருடம் என்றால்தான் சின்ஸ், எத்தனை வருடம் என்றால் ஃபார். சுப்பீரியர், சீனியர், ப்ரிஃபர் மூன்றுக்கும் தன் வராது, டு வரும். எஸ்எஸ்சிக்கு இவை எல்லாம் ரொம்பப் பிடித்த இடங்கள், நோ சூனர் வந்தால் தன், ஹார்ட்லி வந்தால் வென், அன்லெஸ் வந்தால் மறுபடி நாட் வேண்டாம் என்பது போல.

மனப்பாடம் என்று பயப்பட வேண்டாம். உங்கள் சொந்தப் பத்தியில் எந்த இடத்தில் தடுமாறினீர்களோ அந்த வாக்கியத்தை மட்டும் ஒரு நோட்டில் முழுசாக எழுதுங்கள். விதியை எழுத வேண்டாம், வாக்கியத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் அந்த நோட்டிலேயே கோடு போட்டு நிரப்புங்கள்.

---

ஹால் டிக்கெட்

டீச்சர், அந்த "இல்" விஷயம் எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. இதைத் தனிப் பதிவாகப் போடுங்கள், பின் செய்துவைக்கச் சொல்கிறேன்.

லிங்க் கேட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்பும் நண்பர்களுக்கு, இந்த இழையில் பிடிஎஃப் கிடையாது. பிடிஎஃப் வேண்டாம் என்பதுதான் இழையே.

---

பழைய பேப்பர் கடை

பிடிஎஃப் இல்லை என்றால் என்ன, ஒன்று நான் தருகிறேன், ஆப்ஷன் இல்லாமல். கொள்ளிடக்கரை முதலில் போடட்டும், மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

"தி ஓல்ட் பாம்பன் ரயில்வே பிரிட்ஜ், __1__ வாஸ் ஓப்பன்ட் இன் 1914, லிங்க்ட் ராமேஸ்வரம் __2__ தி மெயின்லேண்ட் ஃபார் மோர் தன் __3__ செஞ்சுரி. இட் வாஸ் நாட் __4__ 1988 தட் எ ரோட் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் __5__ இட்."

---

கொள்ளிடக்கரை

ஒன்று: விச். பாலம், ஆள் இல்லை, கமாவுக்குப் பிறகு தட் வராது.
இரண்டு: முதலில் "வித்" என்று தோன்றியது, லிங்க் டு என்று படித்த ஞாபகமும் இருக்கிறது. டு போடுகிறேன்.
மூன்று: எ.
நான்கு: இதில் ஆப்ஷன் இருந்திருந்தால் "இன்" தட்டியிருப்பேன், வருடம் இருக்கிறதே. ஆனால் பின்னால் தட் வருகிறது, "1988 வரை இல்லை, அப்போதுதான் வந்தது" என்று பொருள் வர வேண்டும், ஆகவே அன்டில்.
ஐந்து: பிசைட்ஸ்.

---

கரும்பலகை

நான்காவதுக்கு எழுதிய காரணத்துக்காகவே ஒரு மார்க் கூடுதலாகத் தரலாம். டில் போட்டாலும் சரிதான். இரண்டாவதில் டு, வித் இரண்டும் செல்லும், அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதில் அந்தக் கடைசி எஸ்ஸை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் என்றால் பிசைட். எஸ் சேர்ந்தால் "அது போக" என்று ஆகிவிடும். நோட்டில் ஏற்றிவிட்டு, அடுத்த பத்தியை நீங்கள் போடுங்கள், பேப்பர் கடைக்காரர் நிரப்பட்டும்.